பட்டை கூட்டினால் வண்டிக்குப் பலம் கூடாது

சரக்கு வண்டியை ஐந்தாண்டில் விற்றுவிட வேண்டும், வைத்திருப்பவர்கள் பின்பக்கம் இரண்டு பட்டை (சுமையைத் தாங்கும் வில் தகடு) கூட்டிக்கொண்டால் கூடுதல் சுமை ஏற்றலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

குட்டியானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டி 2005-இல் சந்தைக்கு வந்தது. அதன் பழைய டீசல் வண்டி ஒன்று இன்றும் எங்கள் வீட்டிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகிறது. 702 சிசி, இரண்டு சிலிண்டர் எஞ்சின். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் ஏமாற்றாது. குட்டியானையைத் தின்பது துருதான். தக்காளிப் பெட்டியிலிருந்து வடியும் நீர், சரக்கு ஏற்றும் தொட்டியின் ரப்பர் விரிப்புக்கு அடியில், மூலைகளில் தேங்கும். விரிப்பைத் தூக்கிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் தகடு நன்றாக இருக்கிறது. மொத்தென்று கேட்டால் அன்றே பட்டறைக்குப் போங்கள்.

பட்டை கூட்டினால் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் டயரும் பழையவைதானே! மலையிறக்கத்தில் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு குறைந்தால் யார் உயிருக்குப் பொறுப்பு? 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் அதிகச் சுமைக்கு அபராதமே 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

பட்டை கூட்டும் பணத்தைத் தொட்டியின் அடியில் துருத் தடுப்புப் பூச்சுக்கும், தார்ப்பாய்க்கும், நல்ல டயருக்கும் செலவிடலாம். எட்டாண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பே பிரேக் லைனிங்கைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.