திருப்புளியைக் கீழே வையுங்கள்

படகு மோட்டார் ஐடிலிங்கில், அதாவது வேகம் கொடுக்காமல் விட்ட நிலையில், அணையாமல் நிற்கவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள், எதிரே நிற்பவரின் கை சட்டைப்பைக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு குட்டித் திருப்புளி தயாராக இருக்கும். காரைக்குடி, தேவகோட்டை, தொண்டிக் கடற்கரை, எங்கே போனாலும் இதே கதைதான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கிற அந்தப் பித்தளைத் திருகாணி, வெளியே தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக, வருகிறவன் போகிறவன் எல்லாரிடமும் மாட்டிக்கொண்டு முழிக்கிறது.

மைத்துனரும் நானும் கூட்டாக வைத்திருக்கும் ஃபைபர் படகு தொண்டியில் நிற்கிறது. நண்டு வலைதான் பிழைப்பு. 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார். முழு வேகத்தில் ஓடும்போது ஒரு குறை சொல்ல முடியாது. வேகத்தைக் குறைத்தால் திணறும், இருமும், கியரில் இருக்கும்போதே அணைந்துவிடும். கரையில் நின்று பார்ப்பவருக்கு இது சின்ன விஷயம். வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது மோட்டார் நின்றால் படகு காற்று தள்ளும் பக்கம் போய் வலையின் மேலேயே ஏறும். அவசரத்தில் மறுபடி கிளப்பினால் வலைக்கயிறு புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். அதை அறுத்தெடுக்கக் கத்தியோடு தண்ணீரில் இறங்குவது திருப்புளிக்காரரா?

தொண்டியில் பார்த்தவர் கையை விரித்ததும், லோடு ஆட்டோவில் ஏற்றி காரைக்குடிப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுவந்தேன். பைக், ஜெனரேட்டர், பம்புசெட் எல்லாம் பார்க்கிற இடம். நல்ல பெயர் உண்டு. தண்ணீர் நிரம்பிய டிரம்மில் மோட்டாரை மாட்டினார்கள்; அது வரைக்கும் சரி. உலர்ந்த தரையில் ஓடவிட்டிருந்தால் உள்ளே குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்தில் கருகியிருக்கும். அடுத்து என்ன? திருப்புளி. காற்றுத் திருகாணியை உள்ளே ஒரு திருகு, வெளியே இரண்டு திருகு. சரிப்படவில்லை என்றதும் ஐடிலிங் வேகத்தைக் கூட்டும் திருகாணியை முடுக்கிவிட்டார் மெக்கானிக். மோட்டார் கத்திக்கொண்டு நின்றது. "பாருங்கள் அண்ணே, எப்படி நின்று ஓடுகிறது!" ட்யூனிங் என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டார்கள். அழுகிற பிள்ளைக்குப் பசியா வயிற்றுவலியா என்று பாராமல் வாயைப் பொத்திவிட்டு, அமைதியாகிவிட்டது என்று கூலி கேட்பதற்குப் பெயர் ட்யூனிங்காம்!

கடலில் இறக்கிக் கியர் போட்டால் "டங்" என்று ஓர் அடி. படகே அதிர்ந்தது. ஐடிலிங் வேகம் அளவுக்கு மேல் இருக்கும்போது கியர் போட்டால் கீழே இருக்கும் கிளட்ச் பற்கள் மோதி மோதித் தேயும். ஒரு ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் துளையை, சுத்தம் செய்தால் தீர வேண்டிய நோய்க்கு, கியர்பாக்ஸைப் பலி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்தால் போதும். முழு வேகத்தில் நன்றாக ஓடுகிறது என்றால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி வருகிறது, முழு வேகத்துக்குப் பெட்ரோல் கொடுக்கும் மெயின் ஜெட் சுத்தமாக இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். குறைந்த வேகத்தில் மட்டும் தகராறு என்றால் குறைந்த வேகத்துக்கான பைலட் ஜெட்டும், அதிலிருந்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டின் ஓரத்துக்குப் போகிற ஊசிமுனைத் துளைகளும்தான் முதல் சந்தேகம். திணறும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்க வேண்டும். சீராகிறதா? பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது கார்புரேட்டர் அடியில் கேஸ்கெட் வழியாக எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. எரிபொருள் குழாயில் இருக்கும் ரப்பர் பந்தை அழுத்தினால் சீராகிறதா? அப்படியென்றால் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தை, அதாவது உள்ளே இருக்கும் சவ்வை, பார்க்க வேண்டும், டேங்க் மூடியின் காற்றுத் துளை திறந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு கருவியும் வேண்டாம், ஐந்து நிமிடப் பொறுமை போதும். அந்த ஐந்து நிமிடம்தான் எந்தப் பட்டறையிலும் கிடைப்பதில்லை!

கடைசியில் மைத்துனர் வீட்டுத் திண்ணையில் செய்தித்தாளை விரித்து நாங்களே கழற்றினோம். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் உப்பு பூத்ததுபோல் வெள்ளைப் பொடி, அதன்மேல் கண்ணாடி மணி மாதிரி ஒரு சொட்டுத் தண்ணீர். பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளையே தெரியவில்லை. துருவையும் அரிப்பையும்கூட ஆராய்கிற, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற காரைக்குடியிலிருந்துதான் இந்த மோட்டார் 'சரிபார்க்கப்பட்டு' வந்தது. கிண்ணத்தைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. நான்கே நான்கு திருகாணிகள், ஐயா!

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் பாதி காலி டேங்கை வாரக்கணக்கில் வைத்திருந்தால், ஓர் அளவுக்குமேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டூ ஸ்ட்ரோக்குக்குக் கலக்கும் ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுகொள்ளும். குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. இதை எந்தத் திருப்புளி சரிசெய்யும்?

அடைப்பெடுக்கக் கம்பியைக் கொண்டுவந்தார் பக்கத்து வீட்டுக்காரர். நல்ல வேளை, மைத்துனர் கையைப் பிடித்துக்கொண்டார். பித்தளைத் துளையைக் கம்பி கீறினால் அளவு மாறிவிடும். அப்புறம் புது ஜெட்தான். கிழிந்த நண்டு வலையிலிருந்து ஒரு துண்டு நைலான் நரம்பை வெட்டி, கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்த ஜெட்டில் நுழைத்து எடுத்தோம். மறுபக்கம் பழுப்பாக ஒரு பிசின் துணுக்கு வந்து விழுந்தது. இத்தனை நாள் மீன்பிடி கெட்டது அந்தத் துணுக்கினால்.

திருகாணிக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லாம் சுத்தமான பிறகு, கடைசியில் அதன் முறை வரும். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டாவது தொட வேண்டாமா? த்ராட்டிலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்தால் பெரும்பாலும் அது கலவையை அளப்பது. வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். காற்று நுழைகிற பக்கத்தில் இருந்தால் அது காற்றை அளப்பது. உள்ளே திருகினால்தான் பெட்ரோல் கூடும். இரண்டும் நேரெதிர். மெதுவாக உட்கார வைத்து, கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன சுற்றுக்குத் திருப்பி, பிறகு சூடான மோட்டாரில், தண்ணீரில், கியர் போட்ட நிலையில் செவி கொடுத்துக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். புகை புரொப்பல்லர் நடுவழியாகத் தண்ணீருக்கடியில் போகும் மோட்டார் இது. அந்த எதிரழுத்தமும் புரொப்பல்லரின் சுமையும் சேரும்போது என்ன வேகம் நிற்கிறதோ அதுதான் கணக்கு. நியூட்ரலில் வைத்த வேகத்துக்குக் கடலில் மரியாதை இல்லை.

எங்கள் மோட்டார் இப்போது வலை இழுக்கும் நேரம் முழுக்கச் சீராக முனகிக்கொண்டு நிற்கிறது. அடுத்த படகுக்காரர் நேற்றுகூட வந்து, "இன்னும் கால் திருகு வைத்தால் அருமையாக இருக்கும் தம்பி" என்று சட்டைப்பையில் கை விட்டார். திருகாணியின் தலையிலும் கார்புரேட்டர் உடம்பிலும் சேர்த்துச் சிவப்பு நகப்பூச்சில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோடு விலகியிருந்தால் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்பேன்.