ஆறு தலை வீட்டுக்காரர்

யாரோ இரண்டு பக்கமும் ஆயுதம் விற்றதாகச் செய்தி வந்தால் போதும், ‘காலம் கெட்டுப்போச்சு’ என்று இங்கே பலர் பதிவு போடுகிறார்கள். அவர்களுக்கு நான் காட்ட விரும்புவது ஆம்ஸ்டர்டாமில் கால்வாய் ஓரத்து வீடொன்றை. முகப்பில் ரோமானியத் தெய்வங்களின் ஆறு தலைகள் இருக்கும். 1634-இல் அதை வாங்கியவர் லூயி டி கியர், பீரங்கி வியாபாரி.

ஸ்வீடனின் ஃபின்ஸ்போங் ஊரில் இரும்புப் பீரங்கி வார்க்கும் ஆலை இவர் கையில் இருந்தது. தாதுவும் கரிக்கு வேண்டிய காடும் அங்கேயே கிடைத்தன. தொழில் தெரிந்த வாலோனியக் கொல்லர்களை (இன்றைய பெல்ஜியத்தின் தென்பகுதிக்காரர்கள்) வரவழைத்துக்கொண்டார். வெண்கலப் பீரங்கி பழுதானால் பெரும்பாலும் உப்பிக் காட்டிக்கொடுக்கும். இரும்பு சொல்லாமல் சிதறி, பக்கத்தில் நிற்பவனைக் கொல்லும். ஆனால் விலை மலிவு. கப்பல் முதலாளிக்கு வேறென்ன வேண்டும்?

1643 கடைசியில் ஸ்வீடன் டென்மார்க் மேல் பாய்ந்தது. பால்டிக் கடலின் வாசலான சுண்ட் நீரிணையில் உட்கார்ந்து, போகிற வருகிற கப்பலிடமெல்லாம் டென்மார்க் சுங்கம் கறந்துகொண்டிருந்த காலம். தானியம், பாய்மரத்துக்கான மரம், கப்பலுக்குப் பூசும் கீல் எல்லாம் அந்த வழியாகத்தான் ஹாலந்துக்கு வர வேண்டும். டச்சு அரசு போரில் சேரவில்லை. டி கியர் மட்டும் சுமார் 30 கப்பல்களை மாலுமிகளோடும் பீரங்கிகளோடும் திரட்டி ஸ்வீடனுக்குக் கொடுத்தார். மார்ட்டின் தைசென் என்ற தளபதியும் சேர்த்தி! முதல் முயற்சியில் இந்தக் கப்பல்களை டேனியர்கள் விரட்டிவிட்டார்கள். 1644 அக்டோபரில், ஃபெமார்ன் தீவருகே, ஸ்வீடன் தளபதி ரங்கெலோடு சேர்ந்து டேனியக் கப்பற்படையை ஏறக்குறையத் துடைத்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு டச்சுத் தளபதி விட்டே டி வித் வணிகக் கப்பல்களுக்குக் காவலாகப் போய், சுங்கம் கட்டாமலே அவற்றைச் சுண்டைத் தாண்ட வைத்தார்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 1658-இல் ஸ்வீடன் கோபன்ஹேகனை முற்றுகையிட்டது. வாசலின் இரு கரையும் ஒருவன் கைக்குப் போனால் ஹாலந்துக்கு என்ன மிச்சம்? டச்சுக் கப்பற்படை இந்த முறை டென்மார்க்கைக் காப்பாற்ற வந்தது. எதிரே நின்றது அதே ரங்கெல். டி வித் அந்தச் சண்டையில் செத்தார்.

இதைத் துரோகம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹாலந்து டென்மார்க்கையும் நேசிக்கவில்லை, ஸ்வீடனையும் நேசிக்கவில்லை; வாசல் திறந்திருந்தால் போதும். டி கியர் 1652-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். (ஸ்வீடனின் ஆப்பிரிக்கக் கம்பெனிக்கு 1649-இல் வித்திட்டவரும் இவர்தான். அடிமை வியாபாரம் வரை நீளும் கதை, அது தனிப் பதிவு.) 1658-இல் சுண்டில் ஒன்றையொன்று சுட்ட இரு தரப்புக் கப்பல்களிலும் ஸ்வீடன் இரும்பில் வார்த்த பீரங்கிகள் இருந்தன.