ஸ்விட்ச் 2: எனக்கு இப்போது வேண்டாம், மருமகனுக்கு வேண்டும்

கையில் வைத்தும் தொலைக்காட்சியில் இணைத்தும் ஆடக்கூடிய கேம் கருவியான நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-ஐ வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டு வரும் தகவல்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பணம் போடப்போகிற விஷயம் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் இருப்பது 2021 அக்டோபரில் வந்த ஓஎல்இடி ஸ்விட்ச். நான் இப்போது புதியதை வாங்கப்போவதில்லை. ஆனால் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகனை வாங்கச் சொல்லிவிட்டேன். அக்காவுக்கு இதில் என்மேல் வருத்தம். "உனக்கு வேண்டாத பொருளை அவனுக்கு ஏன் சொல்கிறாய்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நானும் அவனும் ஆடும் விதமே வேறு, கையில் இருக்கும் கருவியும் வேறு.

முதலில் என் பக்கம். நான் தொலைக்காட்சியில் இணைத்து ஆடுவதே இல்லை. இரவு எல்லோரும் படுத்த பிறகு கட்டிலில் சாய்ந்துகொண்டு ஆடுவேன், ஊருக்குப் போகும்போது ரயிலில் மேல் பெர்த்தில் ஆடுவேன். அப்படி ஆடுகிறவனுக்குத் திரைதான் எல்லாம். ஓஎல்இடி மாடலின் திரை 7 அங்குலம்; ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும் வகை. கறுப்பு என்றால் அதில் உண்மையாகவே கறுப்பு. இருட்டு அறையில் மெட்ராய்ட் ட்ரெட் ஆடிப் பாருங்கள். அந்தக் குகைச் சுவரும் நாயகியின் கவசத்து ஒளியும் தெரிகிற தெளிவை, பின்னால் விளக்கு வைத்த எல்சிடி திரை தராது. ஸ்விட்ச் 2-இன் திரை 7.9 அங்குலம், 1080பி (அதாவது 1080 வரிசைப் புள்ளிகள்), நொடிக்கு 120 தடவை புதுப்பித்துக்கொள்ளக்கூடியது. காகிதத்தில் பார்த்தால் எல்லா விதத்திலும் மேல். ஆனால் அது எல்சிடி. வேகமாக நகரும் காட்சிகளில் உருவத்தின் பின்னால் ஒரு மங்கல் இழுத்துக்கொண்டு வருவதைப் பலர் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மரியோ திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடும்போது பின்னணிச் செங்கற்களின் விளிம்பு கரைந்து தெரிந்தால், அந்த 120 என்ற எண்ணால் எனக்கு என்ன பயன்?

இன்னொன்றும் உண்டு. பழைய ஸ்விட்ச் கேம்கள் கைத்திரையில் அதிகபட்சம் 720பி-யில்தான் ஓடும். பழைய கருவியின் திரையும் சரியாக 720 வரிசை என்பதால் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி பொருந்திவிடும். புதிய திரையில் 1080 வரிசை. அதாவது ஒன்றரை மடங்கு. இரண்டு மடங்காக இருந்திருந்தால் ஒரு புள்ளியை நான்காக்கிக் கச்சிதமாக வைத்துவிடலாம். ஒன்றரை மடங்கில் அது முடியாது, விளிம்புகளைக் குழைத்துத்தான் ஆகவேண்டும். அதனால் புதிய கருவிக்கேற்ற இலவச மேம்பாடு எதுவும் வராத பழைய கேம்கள், புதிய கருவி வெளிவந்த சமயத்தில், கையில் வைத்து ஆடும்போது பழைய கருவியைவிடச் சற்று மழுங்கலாகவே தெரிந்தன. என் அலமாரியில் இருக்கும் கேம் கார்டுகளில் பெரும்பான்மை அப்படிப்பட்டவைதான். ஏற்கனவே வைத்திருக்கும் கேம்களைக் கொஞ்சம் மங்கலாகப் பார்ப்பதற்கு, வெளிவந்தபோது இருந்த விலையான 449.99 டாலரா என்றுதான் அப்போது நினைத்தேன்.

எடையையும் கணக்கில் எடுங்கள். ஓஎல்இடி 420 கிராம், புதியது 534 கிராம். கடையில் நின்று இரண்டு நிமிடம் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்து ஒரு மணி நேரம் ஆடும்போது மணிக்கட்டு சொல்லும். பேட்டரிக்கு நிண்டெண்டோவே தரும் கணக்கு ஓஎல்இடிக்கு நாலரை முதல் 9 மணி நேரம், ஸ்விட்ச் 2-க்கு 2 முதல் ஆறரை மணி நேரம். எழும்பூரில் இரவு ரயிலேறித் திருநெல்வேலி போகிறவன் நான். பெட்டியில் சார்ஜ் போடும் இடத்தைப் பக்கத்து இருக்கைக்காரரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய நிலையில், இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

இனி மருமகன் பக்கம். அவனிடம் இருப்பது 2017 மார்ச்சில் வந்த முதல் மாடல். அதன் உள்ளே இருக்கும் சிப் என்விடியா 2015-இல் அறிமுகப்படுத்திய டெக்ரா எக்ஸ்1. நினைவகம் 32 ஜிபி. பேட்டரி இரண்டரை மணி நேரத்திலேயே தீரலாம் என்று புதிதாக இருந்தபோதே சொல்லப்பட்ட மாடல் அது. இத்தனை ஆண்டு சார்ஜ் போட்டு எடுத்த பிறகு சொல்லவே வேண்டாம். பக்கவாட்டில் மாட்டும் கட்டுப்பாட்டுக் கருவியான ஜாய்கானில், இடதுபக்க ஸ்டிக்கைத் தொடாதபோதும் ஆட்டத்தில் ஆள் தானாகவே நகர்கிறான். விடுமுறைக்கு வந்தபோது அவன் செல்டா வரிசையில் வந்த பிரெத் ஆஃப் தி வைல்ட் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மலை விளிம்பில் கதாநாயகன் லிங்க்கை நிறுத்திவிட்டு வரைபடத்தைத் திறந்து பார்த்தான், மூடினான், தண்ணீர் குடிக்கக் கையை எடுத்தான். லிங்க் மெல்ல மெல்ல விளிம்பை நோக்கி நடந்து கீழே விழுந்தான். அவன் முகத்தில் எரிச்சல்கூட இல்லை. "பழகிவிட்டது மாமா" என்றான். அதைக் கேட்டபோதுதான் இவன் மாற்றியே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கருவியின் குறைக்கு ஏற்றபடி ஒருவன் தன் ஆட்டத்தையே வளைத்துக்கொள்கிறான் என்றால் அந்தக் கருவியின் காலம் முடிந்துவிட்டது.

அவன் ஆடுவது பெரும்பாலும் விடுதி அறையில், கணினித் திரையில் இணைத்து, நண்பர்களோடு. அங்கேதான் புதிய கருவி முழு பலத்தையும் காட்டும். செல்டா கேம்களான பிரெத் ஆஃப் தி வைல்ட், டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் இரண்டும் பழையதில் நொடிக்கு 30 சட்டகம் (ஃப்ரேம்); தலா 9.99 டாலர் மேம்பாட்டுக்குப் பிறகு புதியதில் 60. டியர்ஸ் ஆஃப் தி கிங்டமில் பலகைகளையும் சக்கரங்களையும் ஒட்டி வண்டி செய்யும்போது பழைய கருவி திணறியது நினைவிருக்கும்; அந்தத் திணறல் போய்விடுகிறது. போகிமான் வயலெட்டுக்கு மேம்பாடு இலவசம். 2022 நவம்பரில் அது வெளிவந்தபோது தூரத்தில் நடக்கும் ஆட்கள் பொம்மலாட்டம் போல வெட்டி வெட்டி நகர்ந்தார்கள். அதே கேம், அதே கார்டு, புதிய கருவியில் உருவாக்கியவர்கள் நினைத்தபடியே ஓடுகிறது. அவன் மிக விரும்பும் கேம் அதுதான். டாங்கி காங் பனான்ஸா பற்றி வேறு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறான். மண்ணையும் பாறையையும் எங்கே வேண்டுமானாலும் குத்தி உடைத்துச் சுரங்கம் போட்டுப் போகும் அந்த ஆட்டம் ஸ்விட்ச் 2-இல் மட்டுமே உண்டு.

ஆக, கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கையில் இருக்கும் கருவியில் ஆட முடியாத, ஆனால் நீங்கள் ஆடியே தீரவேண்டும் என்று நினைக்கும் கேம் எது? பெயரைச் சொல்லுங்கள். உடனே பெயர் வந்தால் வாங்குங்கள். "எல்லோரும் வாங்குகிறார்கள்" என்று பதில் வந்தால் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். எனக்கு வந்த பதில்களில் பாதிக்குமேல் இரண்டாவது வகை. மெட்ராய்ட் பிரைம் 4, போகிமான் லெஜெண்ட்ஸ் இசட்-ஏ என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் பழைய ஸ்விட்சுக்கும் வந்திருக்கின்றன என்பதே அவர்களில் சிலருக்குத் தெரியவில்லை.

விலை குறையும்வரை காத்திருக்கலாமா என்பது அடுத்த கேள்வி. இதில் பழைய அனுபவம் இனி உதவாது என்றே நினைக்கிறேன். 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்த நிண்டெண்டோவின் பழைய கைக்கருவி 3டிஎஸ், ஆகஸ்டிலேயே 15,000 யென்னுக்கு இறங்கியது. அப்போதைய தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டார். முதலில் வாங்கியவர்களுக்கு 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். அந்தக் காலத்தில் காத்திருந்தவன் புத்திசாலி. இப்போது நடப்பது தலைகீழ். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் நிண்டெண்டோ பழைய ஸ்விட்சின் விலையையே உயர்த்தியது. நாலு வயதான ஓஎல்இடி மாடல் 349.99 டாலரிலிருந்து 399.99 ஆனது. ஆகவே குறையும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். தேவை இல்லை என்பதற்காகக் காத்திருங்கள். அதனால் நஷ்டமும் இல்லை, ஏனென்றால் இன்று பழைய ஸ்விட்சுக்கு வாங்கும் கார்டுகளில் மிகப் பெரும்பாலானவை நாளை புதியதிலும் ஓடும். 3டிஎஸ்ஸிலிருந்து ஸ்விட்சுக்கு மாறியபோது கார்டுகள் அத்தனையும் பயனற்றுப் போயின. இந்தத் தடவை அந்த அடி இல்லை.

என்னை உண்மையில் உறுத்துவது விலை அல்ல, கார்டு. நான் பார்த்தவரை இதைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஸ்விட்ச் 2-க்கு வரும் பிற நிறுவனங்களின் கேம்களில் பல, கேம்-கீ கார்டு என்ற வடிவில் வருகின்றன. பெட்டி இருக்கும், உள்ளே கார்டும் இருக்கும். கார்டில் கேம் இருக்காது. செருகினால், இணையத்திலிருந்து முழுக் கேமையும் இறக்கிக்கொள்ள அது ஒரு சாவி. இறக்கி முடித்த பிறகும் ஆடும்போதெல்லாம் கார்டு உள்ளே இருந்தாக வேண்டும். கடன் கொடுக்கலாம், விற்கலாம், அதில் தடையில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து அந்தச் சர்வர் இல்லையென்றால் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக். இது வீண் பயமில்லை. நிண்டெண்டோவின் பழைய கருவியான வீயின் இணையக் கடையை 2019 ஜனவரியில் மூடினார்கள். வீ யு, 3டிஎஸ் கடைகளில் 2023 மார்ச் 27-க்குப் பிறகு எதையும் வாங்க முடியாது. முழுக் கேமையும் கார்டில் கொடுக்க முடியாதா என்றால், முடியும். சைபர்பங்க் 2077 போன்ற பிரம்மாண்டமான கேமை 64 ஜிபி கார்டில் முழுதாகக் கொடுத்திருக்கிறார்கள். மரியோ கார்ட் வேர்ல்டும் பனான்ஸாவும் கார்டிலேயே இருக்கின்றன. மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு இவையே சாட்சி.

நம் ஊரில் இது ஏன் பெரிய விஷயம்? இந்தியாவில் நிண்டெண்டோ அதிகாரபூர்வமாக விற்பனை செய்வதில்லை, நமக்கென்று ஈஷாப் என்ற அவர்களுடைய இணையக் கடையும் இல்லை. வேறு நாட்டுக் கணக்கு, வேறு நாட்டுப் பரிசுக் கார்டு என்று சுற்றிவளைத்துத்தான் வாங்கவேண்டும். அதனால் இங்கே இந்தப் பொழுதுபோக்கு உயிரோடு இருப்பதே கார்டுகள் கைமாறுவதால்தான். ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரும்போது வாங்கி வருவார், ஆடி முடிப்பார், பாதி விலைக்குக் கொடுப்பார், அது மூன்று நான்கு வீடு சுற்றிவிட்டு வரும். தொண்ணூறுகளில் பர்மா பஜாரில் வாங்கிய டிவி கேம் கேசட்டுகளைத் தெருவில் மாற்றி மாற்றி ஆடிய தலைமுறை நாங்கள். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் இது. ஒவ்வொரு வீட்டிலும் ஐம்பது அறுபது ஜிபி இறக்கித்தான் ஆடவேண்டும் என்றால், அதுவும் விடுதி வைஃபையில், கைமாற்றுவதன் சுகமே போய்விடும். கருவியின் உள்நினைவகம் 256 ஜிபி. அதுவும் நிரம்பினால் எஸ்டி எக்ஸ்பிரஸ் வகை மைக்ரோ கார்டுதான் வாங்கவேண்டும். இத்தனை நாள் நாம் வாங்கி வைத்திருக்கும் சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டில் கேம்களை வைக்க முடியாது. வாங்கும் முன் இந்தச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழுது விஷயமும் அப்படித்தான். இங்கே கம்பெனி வாரண்டி என்று எதையும் எதிர்பார்க்க முடியாது, சென்னை ரிச்சி தெருவில் கை தேர்ந்த ஒருவரை நம்பித்தான் இருக்கிறோம். பழைய ஜாய்கானின் ஸ்டிக்கைச் சில திருகாணிகள் கழற்றி மாற்றிவிடலாம், உதிரி பாகமும் மலிவு. புதிய ஜாய்கான் 2-இலும் காந்த உணரி வைத்த ஸ்டிக் இல்லை. தேய்மானத்துக்கு ஆளாகும் பழைய முறைதான். பிரித்துப் பார்த்தவர்கள் பேட்டரி பசையால் அழுத்தமாக ஒட்டப்பட்டிருப்பதையும் காட்டியிருக்கிறார்கள். மருமகனிடம் இதைச் சொல்லியே அனுப்பினேன்: வாங்குகிறவரிடம் பில் கேள், எந்த நாட்டு மாடல் என்று கேள். ஜப்பானில் 2025-இல் 49,980 யென்னுக்கு வெளிவந்த மாடலில் ஜப்பானிய மொழி மட்டுமே வரும். விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டால் மொழியை மாற்ற வழியில்லை.

பழையதை விற்றுவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கையில் வரும் காசு சொற்பம். அதை வைத்திருந்தால் தங்கைக்காரி மரியோ கார்ட் 8 ஆடுவாள். 2025 ஏப்ரலில் வந்த மெய்நிகர் கேம் கார்டு வசதியால், இணையத்தில் வாங்கிய கேமைக் குடும்பக் குழுவில் உள்ள இன்னொருவருக்கு 14 நாள் கடன் கொடுக்கலாம். சேமித்த ஆட்டங்களைப் புதிய கருவிக்கு மாற்றும் வேலையை இரண்டும் பக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் ஆடினால் அக்காவின் வருத்தமும் கொஞ்சம் குறையும் என்று நம்புகிறேன்.

என் முடிவு எப்போது மாறும்? ஸ்விட்ச் 2-க்கு ஓஎல்இடி திரை வந்தால் அன்றே மறுபடி யோசிப்பேன். சூப்பர் மரியோ ஒடிஸிக்குப் பிறகு ஒரு முழுமையான புதிய முப்பரிமாண மரியோ இந்தக் கருவிக்கு மட்டும் வந்தால் திரையைப் பற்றிப் பேசாமல் வாங்கிவிடுவேன். அதுவரை அலமாரியில் ஆடி முடிக்காத ஜெனோபிளேட் கிரானிகல்ஸ் 3 இருக்கிறது, ஃபயர் எம்பளம் இருக்கிறது.

சென்னையில் யாராவது மெட்ராய்ட் பிரைம் 4-இன் பழைய ஸ்விட்ச் கார்டை ஆடி முடித்து வைத்திருந்தால் உள்பெட்டியில் தெரிவியுங்கள். என்னிடம் மெட்ராய்ட் ட்ரெட் இருக்கிறது, பெட்டியோடு, கீறல் இல்லாமல். மாற்றிக்கொள்ளலாம்.