தெருமுனைப் பள்ளம்

எங்கள் தெருமுனையில் கல்யாண மண்டபம் இருந்த இடத்தில் வணிக வளாகம் வருகிறது. தகர வேலியில் ஒட்டியிருக்கும் படத்தில் பதினைந்து மாடியும் கண்ணாடி, மொட்டை மாடியில் தென்னை மரம் வேறு. வேலி இடுக்கில் எட்டிப் பார்த்தால் தெரிவது பள்ளம் மட்டும்தான். மூன்று பேஸ்மெண்ட்டாம்.

பொங்கல் முடிந்து போக்லைன் வந்து இறங்கியது. அன்றிலிருந்து ராப்பகலாக மோட்டார் ஓடுகிறது. பளிங்கு மாதிரித் தண்ணீர், நேராக மழைநீர் வடிகாலுக்குப் போகிறது. வேலியை ஒட்டிய வீட்டு மாமியின் கிணற்றில் மாசி முடிவதற்குள் தரை தெரிந்துவிட்டது. நாற்பது வருஷத்தில் 2019 பஞ்சத்தின்போது ஒரு தடவைதான் அப்படி ஆனதாம். மழைக்காலம் முடிந்து இரண்டே மாதத்தில் இப்படி என்றால்?

அப்புறம் விரிசல். மாமி வீட்டுச் சமையலறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி மேலே போகிறது. சைட் எஞ்சினியர் பையன் வந்து, "பூச்சு விரிசல்தான் ஆன்ட்டி" என்றான். நல்ல பையன், மறுநாளே திரும்பி வந்து விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் தேதி எழுதிவிட்டுப் போனான். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒன்பதாம் நாள் உடைந்தது.

நான் உயரக் கட்டடங்களுக்கு எதிரி இல்லை. 1959-இல் அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்தைத் திறந்தபோது அண்ணாந்து பார்த்த ஊர்தானே இது. ஏரியிலும் சதுப்பிலும் பரவிக்கொண்டே போவதைவிட மேலே போவது மேல். ஆனால் சென்னையில் மேலே போவதற்கு முன் கீழே போகிறார்கள். அதற்குக் காரணம் கணக்கு. 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரக் கட்டடம்; போதுமான அகலத்தில் சாலை இருந்தால் அடிப்படை அளவாகவே மனைப் பரப்பைப் போல 3.25 மடங்கு கட்டலாம். பேஸ்மெண்ட்டில் வண்டி நிறுத்தும் பரப்பு அந்தக் கணக்கில் சேராது. அப்படியிருக்க, தரைக்கு மேலே ஒரு சதுர அடியைக்கூட எவர் காருக்கு விடுவார்? தோண்டத்தான் செய்வார்கள்.

தோண்டட்டும். ஆனால் நிலத்தடி நீர் மட்டம் பத்துப் பதினைந்து அடியில் இருக்கும் பகுதியில் முப்பதடி தோண்டினால், வேலை முடியும்வரை நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டாருக்கு மனையின் எல்லைக்கல் தெரியாது, சுற்றியுள்ள மண்ணிலிருந்தும் சேர்த்து உறிஞ்சும். களிமண் என்றால் நீர் போகப் போக மெல்ல அமுங்கும். மேலே இருப்பது ஆழமில்லாத அஸ்திவாரம் போட்ட பழைய வீடு. நீர் உள்ளே வராதபடி முதலில் சுற்றிலும் கான்கிரீட் சுவரை இறக்கிவிட்டுத் தோண்டினால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். செலவு அதிகம். எங்கள் தெருமுனையில் இடைவெளி விட்டு பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் தூண்கள், போட்டு, நடுவே பலகை செருகியிருக்கிறார்கள். மண் நிற்கும், தண்ணீர் நிற்காது.

2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் 11 மாடி சரிந்து 61 பேர் செத்தார்கள். பக்கத்துக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்ததை ஊரே டிவியில் பார்த்தது. அது நினைவில் நிற்கிறது. வேளச்சேரி பள்ளம் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலன்று, ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய சுமார் 50 அடிப் பள்ளத்தில் மண் சரிந்தது. மழைநீர் நிரம்பிய அந்தக் குழியிலிருந்து இருவரைச் சடலமாக மீட்க 8-ஆம் தேதி ஆனது. புயல் மேல் பழியைப் போட்டுவிட்டு மறந்துவிட்டோம். வடகிழக்குப் பருவமழை ஒன்றும் சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்லையே, வருஷா வருஷம் ஐப்பசியில் வருவதுதானே? ஐப்பசிக்குள் பேஸ்மெண்ட் வேலை தரைமட்டத்துக்கு ஏறாது என்றால் பொங்கல் கழியும்வரை தோண்டவே கூடாது என்று அனுமதியிலேயே எழுத என்ன தடை?

இன்னொன்று, இதற்கு அவ்வளவாகச் செலவில்லை. தோண்டுவதற்கு முன் சுற்றியுள்ள வீடுகளின் சுவர்களைப் படம் எடுத்து, வீட்டுக்காரரிடமும் ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் "இது பழைய விரிசல்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். மாமியிடம் முடித்தும்விட்டார்கள். அவரிடம் இருப்பது பேத்தியின் பிறந்தநாள் போட்டோ ஒன்று; கேக்குக்குப் பின்னால் ஜன்னல் மூலை தெரிகிறது, விரிசல் இல்லை. அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் புகாரோடு இணைத்திருக்கிறோம்.

பள்ளத்தில் இன்னும் அடித்தளக் கான்கிரீட் விழவில்லை. ஆடி பிறந்துவிட்டது. எஞ்சினியர் பையன் இரண்டாவது கண்ணாடி ஒட்டி இன்றோடு ஆறு நாள். காலையில் காபிக்குப் பால் வைப்பதற்கு முன் மாமி அதைத்தான் போய்ப் பார்க்கிறார்.