இந்தியானாவின் 2024: ஆள் மாற்றம் மட்டும் போதுமா?
இந்தியானா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி 2023-இல் 3-9 (3 வெற்றி, 9 தோல்வி) என்று கிடந்து அடுத்த ஆண்டே 11-2 ஆனதற்கு, மற்ற கல்லூரிகளிலிருந்து ஆட்களை அள்ளிவந்ததுதான் காரணம் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் உண்மை. கொலராடோ பல்கலைக்கழக அணியும் 2023-இல் அதையேதான் செய்தது. புதிதாக வந்த பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ் ஏறக்குறைய மொத்த அணியையும் மாற்றினார். முதல் மூன்று ஆட்டங்களும் வெற்றி, கடைசியில் 4-8. ஆனால் 2024-இல் இந்தியானாவுக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி கண்டபடி ஆள் சேர்க்கவில்லை. முன்பு ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் தன்னிடம் ஏற்கெனவே ஆடிய ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களையும், தாக்குதலுக்கும் தடுப்புக்கும் பொறுப்பான துணைப் பயிற்சியாளர்களையும் கூடவே கூட்டிவந்தார். அவருடைய ஆட்டமுறை அவர்களுக்கு முன்பே அத்துப்படி; புதியவர்களுக்குக் களத்திலேயே சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. தாக்குதலை முன்னின்று நடத்தும் குவார்ட்டர்பேக் கர்ட்டிஸ் ரோர்க் அப்படியல்ல, ஒஹாயோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். அப்புறம், இந்தியானாவுக்கு அந்த ஆண்டு எளிதான அட்டவணை, பலமில்லாத அணிகளோடுதான் ஆடியது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, ஒஹாயோ ஸ்டேட்டிடம் 38-15, சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றில் நோட்டர் டேமிடம் 27-17 என்று தோற்றார்கள். ஆனால் அந்த சீசனின் இறுதிப் போட்டியில் மோதியதே அந்த இரண்டு அணிகள்தானே!