வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பள்ளி

ஐந்து பிள்ளைகளுக்கும் இத்தனை ஆண்டுகளாக வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்து வந்தோம். இந்த ஆகஸ்டு முதல் அவர்களில் நால்வரைப் பகுதி நேரக் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் சேர்க்கிறோம். செய்தி சபையில் பரவியதிலிருந்து அறிவுரைக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கல்வித் தோழிகள், "சோர்ந்துவிட்டாயா, உனக்காக ஜெபிக்கட்டுமா?" என்று பரிவோடு விசாரிக்கிறார்கள். பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ் நண்பர்களோ, "சேர்ப்பதுதான் சேர்க்கிறீர்கள், அதென்ன பாதிப் பள்ளி?" என்கிறார்கள். ஆளுக்கொரு பதில் சொல்லி மாளவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு அருகில். இந்த மாநிலத்தில் வீட்டுக்கல்விக்குச் சட்டம் வைக்கும் நிபந்தனைகள் மிகக் குறைவு. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தையும் ஒரு பாடத்திட்டத்தை வைத்து உண்மையாகக் கற்பிக்க வேண்டும். பதிவு இல்லை, அரசுத் தேர்வு இல்லை, ஆய்வாளர் வந்து கதவைத் தட்டுவதும் இல்லை. ஆர்லிங்டன் நகரப் பள்ளி நிர்வாகத்தின் பெயரோடு தொடங்கிய லீப்பர் வழக்கில், வீட்டுப் பள்ளியும் ஒருவகைத் தனியார் பள்ளிதான் என்பதை 1994-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதற்கு முன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத குற்றத்துக்காகப் பெற்றோர் நீதிமன்றப் படி ஏறிய காலமும் இங்கே இருந்தது.

அதே ஆர்லிங்டனில்தான், அந்தத் தீர்ப்புக்கு ஓர் ஆண்டு முன்பு, 1993-இல், கிரேஸ் பிரெபரேட்டரி அகாடமி என்ற பள்ளி தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் வாரத்தில் சில நாள் வகுப்புக்குப் போய், மற்ற நாட்களில் தாங்களாகப் படிக்கிறார்கள் அல்லவா? அதே ஏற்பாட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார்கள். சின்ன வகுப்புகளுக்கு வாரத்தில் இரண்டு நாள், உயர்நிலை வகுப்புகளுக்குப் பெரும்பாலும் மூன்று நாள். மீதி நாட்களில் ஆசிரியர் கொடுத்தனுப்பும் பாடத்தைப் பெற்றோர் வீட்டில் நடத்த வேண்டும். பல்கலைக்கழக மாதிரிப் பள்ளி என்று பெயர். பின்னர் பல மாநிலங்களுக்கும் பரவியது. நாங்கள் சேர்ப்பது அந்தப் பள்ளியில் அல்ல. அதே மாதிரியைப் பின்பற்றும் சிறிய பள்ளி ஒன்றில்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முடிவுக்குக் காரணம் வேதமும் அல்ல, பாடத்திட்டமும் அல்ல, மணிக்கணக்கு. ஒன்றிரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் தாய் கற்பிப்பது வேறு. ஐந்து பிள்ளைகள் ஐந்து வகுப்புகளில் இருக்கும்போது அது முற்றிலும் வேறு தொழில். வீட்டுக்கல்வி வட்டத்தில் பெரிய குடும்பத்துக்கென்றே சில யோசனைகள் உண்டு. வரலாறும் அறிவியலும் எல்லோருக்கும் சேர்த்து நடத்து. மூத்ததை இளையதுக்குப் படித்துக்காட்டச் சொல். கணிதத்துக்குக் காணொளி போடு. எல்லாவற்றையும் செய்தோம், ஓரளவு பலனும் கிடைத்தது. ஆனால் கடைக்குட்டிக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் மூத்தவளின் இயற்கணிதத்துக்கு நான் கிடைக்க மாட்டேன். அவள் பொறுமைசாலி என்பதால் பந்தியின் கடைசி வரிசைக்கு மிஞ்சும் பாயசம்தான் அவளுக்குக் கிடைத்தது. வேதியியல் ஆய்வகம் என்று நான் தந்ததெல்லாம் வினிகரும் சமையல் சோடாவும். பத்தாம் வகுப்புக்குப் போகும் பெண்ணுக்கு அது போதாது.

இவை எல்லாம் இருந்தும் இன்னும் ஓராண்டு இழுத்திருப்போம். நடுவில் உள்ளவன்தான் எங்களை முடிவெடுக்க வைத்தான். அவனுக்குப் பத்து வயது, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கிறது. கதை சொன்னால் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வான். அதே கதையை அச்சில் கொடுத்தால் முகம் சுருங்கிவிடும். இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறை என்று ஒன்று உண்டு. ஒலியையும் எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பிணைத்து, கண்ணாலும் காதாலும் கையாலும் பழக்கி, பிடிபடும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பக்கத்தில் ஒருவர் முழுக் கவனத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அடுப்பில் சாதத்தையும் மடியில் இன்னொரு பிள்ளையையும் வைத்துக்கொண்டு நடத்தும் வேலை அல்ல அது. செவ்வாயும் வியாழனும் மற்ற நால்வரும் பள்ளிக்குப் போய்விட்டால், அந்த இரண்டு பகலும் அவனுக்கு மட்டும் சொந்தம். பள்ளிக்குப் போகிறவர்களைவிடப் போகாதவனுக்காகவே இந்தக் கட்டணத்தைக் கட்டுகிறோம் என்றால் சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். இருக்கட்டும்.

அவனையும் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். பள்ளியே முடியாது என்று சொல்லிவிட்டது. அவனுக்கு வேண்டிய பயிற்சி பெற்ற ஆசிரியர் அங்கே இல்லை. சிறப்புக் கல்விச் சட்டம் அரசுப் பள்ளிகள்மேல் வைக்கும் கடமைகளை இத்தகைய தனியார் பள்ளிகள்மேல் அதே அளவில் வைப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அரசுப் பள்ளி எவ்வளவோ மேல் என்பதைக் கிறிஸ்தவப் பள்ளி ஆதரவாளர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். டிஸ்லெக்சியாவுக்கென்று அமெரிக்காவிலேயே முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் டெக்சாஸ், 1985-இல். மழலை வகுப்பின் முடிவிலும் முதல் வகுப்பிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்துப் பார்ப்பது அரசுப் பள்ளியின் கடமை. நாங்களும் அந்த வழியை யோசித்தோம். பெரிய வகுப்பறையில் அவன் ஒடுங்கிவிடுவான் என்று தோன்றியதால் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டிருக்கிறோம். அடுத்த ஆண்டும் வாசிப்பு தேறாவிட்டால் அந்தக் கதவைத் தட்டுவோம். அதில் எனக்கு எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

வீட்டுக்கல்வித் தோழிகள் வேதாகமத்தின் உபாகமம் ஆறாம் அதிகாரத்தை நினைவுபடுத்துகிறார்கள். வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லும் பகுதி. அது எனக்கும் மனப்பாடம். தேவனுடைய கட்டளைகளைப் போதிக்கச் சொல்கிறது. இருபடிச் சமன்பாட்டைத் தாய்தான் நடத்த வேண்டும் என்று எங்கே சொல்கிறது? வீட்டுக்கல்வி ஒரு நல்ல வழி. அதை இரட்சிப்பின் அடையாளமாக்கிக் கூடவே பெண்களுக்குக் குற்றவுணர்வையும் பங்கிட்டுக் கொடுக்கும் பேச்சுதான் எனக்குப் பிடிப்பதில்லை. அந்தப் பேச்சை மேடையிலிருந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்; மேசையில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய மனைவிகள்.

அம்மாவின் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. அம்மா பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்ப்பக்கம் சபை வளர்ந்ததே பள்ளிக்கூடத்தோடுதான். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு கிராமம் கிராமமாகப் பள்ளிகள் எழுந்தன. எழுத்து மறுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் அந்தத் திண்ணைகளில்தான் முதல் எழுத்தைப் படித்தார்கள். அந்த மரபில் வந்த அம்மாவுக்கு, பக்தியின் பெயரால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது என்பது தலைகீழாகத் தெரிகிறது. "நம் பாட்டிமாரைப் பள்ளிக்கு அனுப்ப மிஷனரிகள் எவ்வளவு பாடுபட்டார்கள், நீ இப்படிச் செய்கிறாயே" என்பார். இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் ஒருநாளும் இருந்ததில்லை. இப்போது, "இரண்டு நாளாவது மணி அடிக்கிறதே, அதுவரைக்கும் ஸ்தோத்திரம்" என்கிறார்.

அம்மா சொல்லும் இன்னொன்றையும் நான் ஏற்கிறேன். பிள்ளையின் கட்டுரையைப் பெற்றவளைத் தவிர இன்னொருவரும் திருத்த வேண்டும். பதின்மூன்று வயது மகனின் எழுத்தில் அவன் சொல்ல வந்தது என்ன என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. விட்டுப்போனதை மனதுக்குள் நானே நிரப்பிப் படித்து மதிப்பெண் போட்டுவிடுவேன். அவனை அறியாத ஆசிரியருக்குத் தாளில் இருப்பது மட்டும்தான் தெரியும். சேர்க்கைத் தேர்வில் அவன் எழுதிய பத்தி சிவப்பு மையோடு திரும்பி வந்தது. வீட்டில் அம்மா சொன்னால் வாதாடுகிறவன், அன்று வாய் திறவாமல் திருத்தி எழுதினான்.

பள்ளியைத் தேடியபோது கண்டவற்றையும் சொல்கிறேன். எல்லாவற்றிலும் பெற்றோர் விசுவாச அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். சில இடங்களில் போதகரின் கடிதமும் கேட்கிறார்கள். குழந்தை ஞானஸ்நானம் பெற்று வளர்ந்த சி.எஸ்.ஐ.க்காரர்களான எங்களுக்கு அந்த அறிக்கைகளின் சில வரிகள் நெருடின. ஓரிடத்தில் அறிவியல் நூல் பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டுகளே வயது என்று கற்பித்தது. பொறியாளரான என் கணவர் நூலை மூடி வைத்துவிட்டு, "தேநீருக்கு நன்றி" என்று எழுந்துவிட்டார். நூல் பட்டியலை முன்பே கேட்டு வாங்குங்கள். ஆலயத்தில் நாம் பாடும் பாட்டை அவர்களும் பாடுகிறார்கள் என்பதற்காகப் பாடத்தைப் பாராமல் இருந்துவிடக் கூடாது.

கட்டணம் முழுநேரத் தனியார் பள்ளியைவிடக் குறைவுதான். ஆனாலும் நான்கால் பெருக்க வேண்டியிருக்கிறது. 2025-இல் ஆளுநர் கிரெக் ஆபட் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, தனியார் பள்ளிக்கும் வீட்டுக்கல்விக்கும் அரசுப் பணம் கிடைக்கும் திட்டம் 2026-27 கல்வியாண்டில் தொடங்குகிறது. அரசுப் பணம் வந்தால் கூடவே அரசின் கேள்விகளும் வரும் என்று பழைய வீட்டுக்கல்விக்காரர்கள் பலர் அஞ்சுகிறார்கள். என் கவலை வேறு. அந்தப் பணம் யாரிடமிருந்து குறையப்போகிறது? என் மகனுக்கு நாளை தேவைப்படக்கூடிய அரசுப் பள்ளியின் சிறப்பாசிரியரிடமிருந்தா?

இந்த ஏற்பாடு எல்லோருக்கும் பொருந்தாது. பகலில் வீட்டில் இருக்கும் ஒருவரை நம்பியே இது நடக்கிறது; அந்த ஒருவருக்குச் சம்பளம் கிடையாது, பெரும்பாலும் அது தாய்தான். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கும் இது கதவடைத்த பள்ளி. கட்டணம் குறைவாக இருப்பதன் ரகசியமும் அதுவே: ஆசிரியர் வேலையில் பாதியைப் பெற்றோர் இலவசமாகச் செய்கிறார்கள். சின்ன வகுப்புகளில் பெற்றோர் உடன்-ஆசிரியர், மேல் வகுப்புகளில் மேற்பார்வையாளர் என்று பள்ளியின் கையேட்டில் அழகாக எழுதியிருக்கிறார்கள். திங்கள், புதன், வெள்ளி இந்த வீட்டில் அடுப்போடும் புத்தகத்தோடும் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். வேலைப் பளு குறையும் என்று நினைத்துச் சேராதீர்கள். என்ன பாடம், எந்தத் தேதிக்குள் என்று தீர்மானிக்கும் சுமை மட்டும் கைமாறுகிறது. எனக்கு அதுவே பெரிய விடுதலை.

பள்ளியின் பெயரைத் தனிச்செய்தியில் கேட்டிருப்பவர்களுக்கு இந்த வார இறுதிக்குள் அனுப்புகிறேன். தொலைபேசியில் பேச வேண்டும் என்பவர்கள், ஆகஸ்டு முதல் செவ்வாயும் வியாழனும் பகல் மூன்று மணிக்கு முன் அழைக்க வேண்டாம், எடுக்க மாட்டேன்.