பில்ட் பக்கம் எதைக் காட்ட வேண்டும்?

செருகுநிரல் (ஒரு மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) எழுதுவோருக்கான பில்ட் கருவிக்கு, அதாவது மூலநிரலைப் பயன்பாட்டுக்குத் தயாரான தொகுப்பாக்கும் கருவிக்கு, வரைகலை இடைமுகம் வடிவமைப்பவர்களில் பலர், அமைப்புக் கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெட்டி வரைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். கோப்பைப் படிவமாக மாற்றித் தருவதால் மட்டும் பயனருக்குப் பெரிய ஆதாயம் இல்லை. பொத்தானை அழுத்தினால் என்ன உருவாகப் போகிறது என்பதை அழுத்தும் முன்பே காட்டுவதுதான் இடைமுகத்தின் முதல் கடமை என்பது என் கருத்து.

நிரல் எழுதும் சூழலான எக்லிப்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் செருகுநிரல் திருத்தியில் பில்ட் என்றொரு பக்கம் உண்டு. திட்டத்தின் கோப்புறைகள் மரவடிவில் விரிந்திருக்க, ஜாருக்குள் (செருகுநிரலின் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்புக் கோப்பு) போக வேண்டியவற்றை நாம் டிக் செய்கிறோம், அது பில்ட்.ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் 'பின்.இன்க்லூட்ஸ்' என்ற வரியாகப் பதிவாகிறது. ஐகான் கோப்புறையை டிக் செய்யாமல் விட்டாலும், சோதனைக்காக இயக்கிப் பார்க்கும்போது குறை தெரிவதில்லை. ஏனெனில் அப்போது ஜார் எதுவும் உருவாவதில்லை, திட்டக் கோப்புறையிலிருந்தே செருகுநிரல் ஏற்றப்படுகிறது. ஏற்றுமதி செய்து வேறொரு கணினியில் நிறுவிய பிறகுதான், கருவிப்பட்டையில் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புச் சதுரம் வந்து நிற்கும். படத்தின் பாதை, செருகுநிரலின் கட்டளைகளை அறிவிக்கும் பிளகின்.எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது, கோப்புறை விடுபட்டிருப்பதும் பக்கத்திலுள்ள பில்ட்.ப்ராப்பர்ட்டீஸ் கோப்பிலேயே தெரிகிறது. இரண்டையும் ஒப்பிட்டு, 'இந்தக் கோப்புறை ஜாரில் சேராது, ஆனால் இதிலுள்ள படத்தை இன்ன கட்டளை கேட்கிறது' என்று அந்த மரத்திலேயே, அந்தக் கோப்புறையின் அருகிலேயே சொல்வதுதான் நல்ல வடிவமைப்பு.

படிவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சார்புகளின் (செருகுநிரல் இயங்கத் தேவையான பிற செருகுநிரல்களின்) பதிப்பு வரம்பை எழுதும்போது, சதுர அடைப்பு அந்தப் பதிப்பையும் சேர்க்கும், வட்ட அடைப்பு விலக்கும்; ஒரு குறி மாறினால் பொருளே மாறிவிடும். செருகுநிரலின் பெயர், பதிப்பு, சார்புகளைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒரு வரி 72 பைட்டுகளைத் தாண்டக் கூடாது, மடங்கும் வரி ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும். இத்தகைய நுணுக்கங்களை மனிதர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, அங்கே படிவம் உண்மையிலேயே உதவுகிறது.

ஆனால் படிவம் கோப்பைத் தன் சொத்தாக நினைத்துவிடக் கூடாது. நான் கையால் எழுதிய குறிப்புரைகளை அழித்து, வரிகளின் வரிசையை மாற்றி எழுதும் திருத்தியை ஒருமுறைக்கு மேல் யாரும் நம்ப மாட்டார்கள். அதேபோல, இடைமுகம் தன் அமைப்புகளைத் தனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் ஒளித்துவைத்தால், திரையே இல்லாத சர்வரில் ஓடும் பில்டுக்கு அவை கிடைக்காது. மேவன் என்ற பில்ட் கருவியோடு இயங்கும், எக்லிப்ஸ் செருகுநிரல்களுக்கான டைக்கோ, மேனிஃபெஸ்டையும் பில்ட்.ப்ராப்பர்ட்டீஸையும் நேரடியாகப் படித்துக்கொள்வதால் அந்தச் சிக்கல் பெருமளவு குறைகிறது. இன்டெலிஜே என்ற இன்னொரு நிரல் எழுதும் சூழலின் செருகுநிரல்களில் நிலைமை வேறு. அங்கே கிரேடில் என்ற பில்ட் கருவியின் ஸ்கிரிப்டே ஒரு நிரல் என்பதால், அதற்குள் படிவம் கைவைக்காமல், இறுதியில் கிடைக்கும் மதிப்புகளை மட்டும் காட்டிவிட்டு, அவை எந்த வரியிலிருந்து வந்தன என்று சுட்டினாலே போதும்.

பிழைச் செய்திக்கும் இதே அளவுகோல்தான். ஒரு செருகுநிரல் ஏறாமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதற்கு மூன்று படி கீழே, பதிப்பு பொருந்தாத வேறொரு சார்பில் இருக்கும். அந்தச் சங்கிலி முழுவதையும் விரித்துக் காட்டாமல் கடைசிப் பெயரை மட்டும் சிவப்பில் எழுதும் இடைமுகத்தைவிட, வெறும் எழுத்து வரிகளைக் காட்டும் கன்சோலே எனக்குப் போதும்.